பென் டிரைவ் ‘போயிடுச்சு’ என்றால் எது போனது?

தருமபுரி மாவட்டத்து ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் படுகளம். அத்தனை நாளும் ஊர் முழுக்கக் கேட்கும் பாட்டும் வசனமும் மைக் செட்காரரின் கைவசம் இருக்கின்றன. ஒரு காலத்தில் அவரிடம் கேசட் பெட்டி இருந்தது. பிறகு சிடி வந்தது. இப்போது சட்டைப்பையில் நாலைந்து பென் டிரைவ்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த புதிர் ஒன்று உண்டு. டவுனில் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றைப் புதிதாக வாங்கி, கடைக்காரர் லேப்டாப்பிலேயே பாட்டு ஏற்றி, அங்கேயே ஓட்டியும் பார்த்தாயிற்று. கோயில் திடலுக்கு வந்து ஆம்பிளிஃபயரில் செருகினால் சத்தமே இல்லை. இதற்கு நேர் எதிரான புதிரும் உண்டு. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கச் செருகிய பென் டிரைவை வீட்டுக் கணினியில் திறந்தால், ஃபோல்டர்கள் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகளாக மாறிக் கிடக்கின்றன; எதைத் தட்டினாலும் உருப்படியாக ஒன்றும் வருவதில்லை. அதையே டிவியில் செருகினால் படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

ஒரே பொருளை ஓர் எந்திரம் நன்றாக இருக்கிறது என்கிறது, இன்னோர் எந்திரம் இல்லை என்கிறது. ‘பென் டிரைவ் போயிடுச்சு’ என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது உண்மையில் நாலைந்து வேறுவேறு கோளாறுகள் என்பதற்கு இதுவே சாட்சி. எது போனது என்று தெரியாமல் ‘ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்’ என்று இறங்குவது, பல சமயம் பென் டிரைவைப் பிழைக்க வைத்து, உள்ளே இருந்ததைக் கொன்றுவிடுகிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பழுதான ஒன்றின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் முன்னால் உலோகச் செருகி, பின்னால் ஒரு சிறிய பச்சைப் பலகை, அதன்மேல் இரண்டு கறுப்புச் சில்லுகள் தெரியும். ஒன்று நினைவகச் சில்லு; பாட்டும் படமும் தங்குவது அங்கே. இன்னொன்று கட்டுப்படுத்தி, அதாவது கன்ட்ரோலர். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. தனக்கென்று ஒரு செயலியும் நிரலும் கொண்ட குட்டிக் கணினி அது. பக்கத்திலேயே பல பென் டிரைவ்களில் ஒரு குவார்ட்ஸ் படிகமும் இருக்கும். நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் முறை அதிர்ந்து, கணினியோடு நடக்கும் பேச்சின் தாளத்தை அதுதான் கட்டிக்காக்கிறது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ், சிங்கப்பூரின் டிரெக், சீனாவின் நெட்டாக் ஆகிய மூன்று நிறுவனங்களும் பென் டிரைவைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று உரிமை கொண்டாடின. 2000-ஆம் ஆண்டு ஐபிஎம் பெயரில் விற்பனைக்கு வந்த எம்-சிஸ்டம்ஸ் பென் டிரைவின் கொள்ளளவு 8 எம்பி. இன்றைய எம்பி3 பாட்டு இரண்டு ஏற்றினால் நிரம்பிவிடும்.

பாட்டு நம் காதுக்கு வர மூன்று அடுக்குகள் ஒத்துழைக்க வேண்டும். கட்டுப்படுத்தி கணினியோடு பேச வேண்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேடு சரியாக இருக்க வேண்டும். கோப்பின் எழுத்துகளைத் தாங்கும் நினைவக அறைகள் நலமாக இருக்க வேண்டும். திரையில் வரும் பிழைச் செய்தி வெறும் மிரட்டல் அல்ல. அதைக் கவனமாகப் படித்தால் எந்த அடுக்குவரை பதில் வந்தது, எங்கே பேச்சு நின்றது என்று கண்டுபிடித்துவிடலாம்.

செருகிய முதல் நொடியில் நடப்பதிலிருந்து தொடங்குவோம். பழைய யூஎஸ்பி செருகியில் நான்கு தகடுகள் உண்டு. ஓரத்தில் இருக்கும் இரண்டும் நடுவில் இருப்பவற்றைவிடச் சற்று நீளம். அவை மின்சாரத்துக்கு, நடுவில் உள்ள இரண்டும் பேச்சுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் வந்து சேர வேண்டும் என்பதற்காகவே இந்த நீள வித்தியாசம். 5 வோல்ட் கிடைத்ததும் கட்டுப்படுத்தி விழித்துக்கொண்டு, பேச்சுக் கம்பிகளில் ஒன்றை ஒரு மின்தடை வழியாக மேலே இழுத்துப் பிடிக்கிறது. அந்த மின்னழுத்த மாற்றத்தைப் பார்த்துத்தான் கணினிக்கு யாரோ வந்திருப்பது தெரிகிறது. வந்த எல்லோருக்கும் தொடக்கத்தில் பூஜ்யம்தான் முகவரி. ‘நீ யார்?’ என்று கணினி கேட்கிறது. தயாரிப்பாளர் எண், பொருள் எண், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற விவரங்களைக் கட்டுப்படுத்தி சொல்கிறது. இந்த அறிமுகத்தின் நடுவிலேயே அதற்கென்று தனி முகவரியும் கிடைக்கிறது.

செருகினால் விளக்கும் எரியவில்லை, கணினியிலிருந்து ‘டிங்’ என்ற ஒலியும் வரவில்லை என்றால் அந்த முதல் இழுப்பே நடக்கவில்லை என்று பொருள். தகட்டில் அழுக்கு, செருகியின் பற்றவைப்பு விட்டுப்போனது, பலகையில் மின் இணைப்பு அறுந்தது இவற்றில் ஏதோ ஒன்று. ‘யூஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு’ என்று வந்தால் வேறு நிலைமை. யாரோ வந்திருப்பது கணினிக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் கேள்விக்குப் புரியும்படியான பதில் வரவில்லை. கீழே விழுந்து படிகம் விரிசல் விட்டால் தாளம் தப்பி இப்படித்தான் ஆகும். மேசைக் கணினியின் முன்பக்கத் துளை மதர்போர்டிலிருந்து மெல்லிய கம்பி வழியாக வருவது. அங்கே மின்னழுத்தம் தளர்ந்தாலும் இதே செய்திதான். ஆகவே இந்த நிலையில் செய்ய வேண்டியவை மிகச் சாதாரணமானவை: பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுவது, தகடுகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைப்பது, இன்னொரு கணினியில் பார்ப்பது. எந்த மென்பொருளாலும் இங்கே பயனில்லை. பேச்சே தொடங்காத இடத்தில் மென்பொருள் யாரிடம் பேசும்?

எனக்கு மிகவும் பிடித்த தடயம் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சில பென் டிரைவ்கள் கணினிக்குப் பதில் சொல்கின்றன, ஆனால் பெயரை மாற்றிச் சொல்கின்றன. கடையில் வாங்கிய பிராண்டின் பெயருக்குப் பதில் கேள்விப்படாத ஏதோ சில்லு நிறுவனத்தின் பெயர் வருகிறது. கொள்ளளவு பூஜ்யம், அல்லது ‘நோ மீடியா’. பேய் பிடித்ததாகத் தோன்றும் இதற்குக் காரணம் மிகத் தெளிவானது. கட்டுப்படுத்தியின் முழு நிரலும் பல வகைகளில் அதே நினைவகச் சில்லின் ஒரு மூலையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கட்டுப்படுத்திக்குள் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருப்பது, அந்த நிரலைப் படித்து எடுக்கப் போதுமான சில வரிகள் மட்டுமே. நினைவகம் பதில் சொல்லாவிட்டால் அந்தச் சில வரிகளோடு அது நின்றுவிடுகிறது, தொழிற்சாலையில் பிறந்தபோது வைத்த பெயரையே சொல்கிறது. பெயர் மாறியிருப்பதைப் பார்த்தாலே, மின்சாரமும் இணைப்பும் கட்டுப்படுத்தியும் நலம், கோளாறு அதற்கு அப்பால் என்று திறந்து பார்க்காமலே தீர்ப்பு சொல்லிவிடலாம்.

இரண்டாவது அடுக்கு பதிவேடு. இதை விளங்கிக்கொள்ள நம் ஊர் நிலக் கணக்கு போதும். நிலம் ஏரிக்கரையில் இருக்கிறது. யாருக்கு எந்தெந்தச் சர்வே எண்களில் நிலம் என்று சொல்லும் சிட்டா கிராம நிர்வாக அலுவலரின் அலுவலகத்தில் இருக்கிறது. சிட்டா கரையானுக்குப் போய்விட்டால் நிலம் எங்கும் போய்விடுவதில்லை. அதில் நட்ட மஞ்சள் அப்படியே நிற்கிறது. யாருடையது என்று எழுத்தில் காட்ட முடியாது, அவ்வளவுதான். பென் டிரைவிலும் கோப்புகளின் உடல் ஒரு பக்கம், எந்தக் கோப்பு எந்தெந்த இடங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்ற அட்டவணை இன்னொரு பக்கம். ஃபேட் என்று அழைக்கப்படுவது அந்த அட்டவணைதான். 1977-இல் மைக்ரோசாஃப்ட்டில் பிறந்து, 1996-இல் ஃபேட்32 ஆக வளர்ந்தது. முக்கியமானது என்பதால் வழக்கமாக அதை இரண்டு பிரதிகளாக எழுதி வைப்பார்கள்.

‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்ற செய்தியின் உண்மைப் பொருள் இப்போது புரியும். கட்டுப்படுத்தி பேசிவிட்டது. கொள்ளளவும் சரியாக வந்துவிட்டது. சிட்டாவைத்தான் படிக்க முடியவில்லை. விண்டோஸ் அதற்குக் காட்டும் வழி, புதிய வெற்றுச் சிட்டா ஒன்றைத் திறப்பது. விரைவு ஃபார்மேட்டில் நடப்பது அவ்வளவுதான்; பழைய கோப்புகளின் உடல் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வெற்றுச் சிட்டாவின்படி எல்லா நிலமும் புறம்போக்கு. அடுத்து ஏற்றும் முதல் பாட்டு எந்த மஞ்சளின்மேல் ஏர் ஓட்டும் என்பதை யாரும் சொல்ல முடியாது.

அழிப்பதும் இப்படித்தான். ஃபேட் முறையில் ஒரு கோப்பை அழித்தால் பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து இருக்கும் இடத்தில் ஒரு குறி விழுகிறது, அதன் இடங்கள் காலி என்று எழுதப்படுகின்றன. படத்தின் உடலில் ஒரு துளிகூட மாறுவதில்லை. மீட்பு மென்பொருள்கள் பிழைப்பு நடத்துவது இதனால்தான். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பதிவேட்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நினைவகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகிறது. ஜேபெக் படம் ஒவ்வொன்றும் மாறாத மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அதைக் கண்டதும் இங்கே ஒரு படம் ஆரம்பம் என்று வெட்டி எடுத்துக்கொள்கிறது. இதனால்தான் மீட்ட படங்களுக்குப் பழைய பெயர் இருப்பதில்லை. பெயர் சிட்டாவில் இருந்தது, நிலத்தில் இல்லை.

முதல் புதிருக்கும் விடை இங்கேதான். பதிவேடு எழுதும் முறை ஒன்றல்ல. ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபி-க்குமேல் இருக்க முடியாது. தவிர, விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபி-க்குமேல் ஃபேட்32 தருவதில்லை. ஆகவே பெரிய பென் டிரைவ்கள் பல, 2006-இல் வந்த எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். ஆம்பிளிஃபயருக்குள் இருக்கும் விலை மலிவான எம்பி3 பலகைகள் பெரும்பாலும் ஃபேட் குடும்பத்தின் பழைய முறைகளை மட்டுமே படிக்கத் தெரிந்தவை. பென் டிரைவிலும் குறை இல்லை, ஆம்பிளிஃபயரிலும் குறை இல்லை. எழுதிய முறை ஒன்று, வாசிக்கத் தெரிந்த முறை வேறு. 16 அல்லது 32 ஜிபி பென் டிரைவை ஃபேட்32 முறையில் வைத்துக்கொள்வது மைக் செட்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட வழி, காரணம் இதுதான்.

ஷார்ட்கட் புதிரைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அது வைரஸ் வேலை. ஃபோல்டர்களை அது அழிப்பதில்லை. ‘மறைந்தது’, ‘கணினிக்குரியது’ என்று இரண்டு அடையாளங்களைப் பதிவேட்டில் ஒட்டி விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. அதைத் தட்டினால் வைரஸ் ஓடும். டிவி அந்த அடையாளங்களை மதிப்பதில்லை, ஆகவே எல்லாம் தெரிகிறது. விண்டோஸ் கட்டளைத் திரையில் ‘அட்ரிப்’ என்ற கட்டளையால் அடையாளங்களை நீக்கினால் ஃபோல்டர்கள் திரும்பிவிடும், ஒரு கோப்பும் போகாது. அதற்கு முன்னால் அந்தக் கணினியில் வைரஸ் இல்லையென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் அடுத்த நிமிடமே மறுபடி ஒட்டிவிடும். பென் டிரைவைச் செருகியதுமே அதிலுள்ள நிரல் தானாக ஓடும் வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் 2011 பிப்ரவரியில் அடைத்தது. ஆனால் மனிதரே தட்டுவதை எந்த அடைப்பும் தடுக்காது.

இனி நிலத்துக்கே இறங்குவோம். இதுதான் இந்த விஷயத்தில் ஆழமான பகுதி.

நினைவகச் சில்லில் ஒவ்வோர் அறையும் ஒரு டிரான்சிஸ்டர். அதன் நடுவே, நான்கு பக்கமும் மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட ஒரு சின்னத் தீவு இருக்கிறது. எதோடும் ஒட்டாமல் தனித்து நிற்பதால் இதை மிதவை வாயில் என்று சொல்லலாம். இந்த அமைப்பை 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் முன்வைத்தார்கள். தீவில் எலக்ட்ரான்கள் இருந்தால் டிரான்சிஸ்டர் திறப்பதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டும். இல்லாவிட்டால் குறைவாகப் போதும். அந்த வித்தியாசத்தைத்தான் 0, 1 என்று படிக்கிறோம். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா இந்த அறைகளைக் கூட்டம் கூட்டமாக ஒரே அடியில் அழிக்கும் முறையை 1984-இலும், நெருக்கமாக அடுக்கும் நேண்ட் வகையை 1987-இலும் வெளியிட்டார். இன்றைய பென் டிரைவ்கள் அதன் வாரிசுகள். புதிய சில்லுகளில் மிதவை வாயிலுக்குப் பதில் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் ஒரு மென்படலம் வந்திருக்கிறது, அடிப்படை மாறவில்லை.

சுற்றிலும் மின்கடத்தாச் சுவர் இருக்கும்போது எலக்ட்ரான் எப்படி உள்ளே போகிறது? சுவரின் தடிமன் 8 நானோமீட்டர் அளவு; தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கட்டுப்படுத்தி கேட்கும்போது சில்லு தனக்குள்ளேயே 20 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை உயர்த்திக்கொள்கிறது. அந்த அழுத்தத்தில் எலக்ட்ரான்கள் சுவரை ஏறிக் கடக்காமல், அதன் ஊடாகவே மறுபக்கம் தோன்றிவிடுகின்றன. குவாண்டம் இயற்பியலில் இதற்கு ஊடுதுளைப்பு என்று பெயர். ஃபௌலரும் நார்தைமும் 1928-இல் உலோகங்களிலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதை விளக்க எழுதிய கோட்பாடு, இன்று நம் சட்டைப்பையில் பாட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறது. இயற்பியல் ஆய்வுகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

ஊடுதுளைப்புக்கு விலை உண்டு. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் சுவரில் நுண்ணிய பழுதுகள் சேர்கின்றன, சில எலக்ட்ரான்கள் சுவருக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. அறைக்கு ஒரு பிட் எழுதிய காலத்தில் ஒரு லட்சம் முறை தாங்கும் என்றார்கள். விலையைக் குறைக்க ஓர் அறைக்குள் 2 பிட், 3 பிட் என்று திணித்தார்கள். 3 பிட் என்றால் தீவில் உள்ள எலக்ட்ரான் அளவை எட்டு நிலைகளாகப் பிரித்தறிய வேண்டும். சிறிய அறைகளில் மொத்தமே சில நூறு எலக்ட்ரான்கள்தான். அதற்குள் எட்டு வரம்பு. தாங்கும் தடவை ஆயிரம் அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்தத் தேய்மானத்தை மறைப்பதுதான் கட்டுப்படுத்தியின் தலையாய வேலை. கணினி கேட்கும் எண்ணும் உண்மையில் எழுதப்படும் இடமும் ஒன்றல்ல. ஒரே சர்வே எண்ணில் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னாலும், கட்டுப்படுத்தி ஒவ்வொரு முறையும் வேறு வயலில் எழுதிவிட்டு, பழைய எண்ணுக்குப் புது எண் என்று தனியாக ஓர் இணைப்புக் கணக்கு வைத்துக்கொள்கிறது. 1980-களில் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் சர்வே எண்கள் மாறியபோது பழைய எண்–புதிய எண் பட்டியல் ஒன்று தேவைப்பட்டதல்லவா, அதே கணக்குத்தான். இங்கே நொடிக்கு நொடி மாறுகிறது. இப்படி எல்லா அறைகளையும் சமமாகத் தேய விடுவதற்குத் தேய்மானப் பகிர்வு என்று பெயர். படிக்கும்போது வரும் சிறு பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்தவும் கூடவே கூடுதல் பிட்டுகள் எழுதப்படுகின்றன. கெட்டுப்போன பகுதிகளுக்கு மாற்றாக உதிரிப் பகுதிகளும் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன.

இதெல்லாம் உறைக்குள் நடக்கும் ரகசியம், தயாரிப்பாளர்கள் சொல்வதில்லை. பிறகு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சிமோனா போபொய்லாவும் பீட்டர் டெஸ்னாயர்ஸும் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக்காகக் கடையில் விற்கும் சாதாரணப் பென் டிரைவ்களையே எடுத்துக்கொண்டார்கள். உறையைப் பிரித்து, கட்டுப்படுத்திக்கும் நினைவகத்துக்கும் இடையே ஓடும் கம்பிகளில் ஆய்வுக் கருவியை மாட்டி, அந்த இரண்டு சில்லுகளும் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்டார்கள். பிறகு பென் டிரைவ்கள் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். சில்லுகள் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைவிடப் பல மடங்கு தாங்கின. பென் டிரைவின் மொத்த ஆயுளோ, கட்டுப்படுத்தி எந்த வழியில் தேய்மானத்தைப் பகிர்ந்தது என்பதைப் பொறுத்தே அமைந்தது. பிராண்டின் பெயரைப் பார்த்து ஆயுளைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

‘டிஸ்க் ரைட்-புரொடெக்டட்’ என்று சொல்லிக்கொண்டு ஒன்றையும் அழிக்கவோ ஏற்றவோ விடாத பென் டிரைவை இப்போது வேறு கண்ணால் பார்க்கலாம். பக்கவாட்டில் பூட்டு எதுவும் இல்லையென்றால், உதிரிப் பகுதிகள் தீர்ந்துபோனதாலோ இணைப்புக் கணக்கில் குழப்பம் வந்ததாலோ கட்டுப்படுத்தி எடுத்த முடிவாக அது இருக்க வாய்ப்பு அதிகம். இனி எழுதினால் இருப்பதும் கெடும், படித்துக்கொண்டு போங்கள் என்கிறது. பூட்டை எப்படி உடைப்பது என்று தேடுவதைவிட, அது தந்த அவகாசத்தில் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டுத் தூக்கிப்போடுவதே புத்திசாலித்தனம்.

எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் என்ன ஆகும்? ஏற்றிக்கொண்டிருந்த பாட்டு மட்டும் பாதியில் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியகோ வளாகத்தில் ஸ்டீவன் ஸ்வான்சன் குழுவினர் 2011-இல் இதைச் சோதித்தார்கள். எழுதும் வேலையின் நடுவே குறிப்பிட்ட நுண்நொடியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பலகை ஒன்றைச் செய்தார்கள். கிடைத்த முடிவு சங்கடமானது. ஓர் அறைக்கு 2 பிட் எழுதும் சில்லுகளில், இரண்டாவது பிட்டை எழுதும்போது மின்சாரம் போனால் முன்பே நல்லபடியாக எழுதி முடித்த முதல் பிட்டும் கெட்டுப்போகிறது. இரண்டும் ஒரே தீவின் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதால் வந்த வினை. ஆக, இன்று அவசரமாகப் பிடுங்கியது போன மாதம் ஏற்றிய கூத்துப் பதிவையும் காவு வாங்கலாம். போதாக்குறைக்கு இணைப்புக் கணக்கை எழுதும் தருணமாக அது இருந்துவிட்டால் முழுப் பென் டிரைவும் வழி தெரியாமல் நிற்கும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் கரண்ட் போவதும் இதே கணக்கில்தான் வரும். 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10, எழுதுவதைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் அனுப்பும் முறையை இயல்பாக்கியது. அதனால் ஆபத்து குறைந்தது. ஆனால் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது பிடுங்குவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

யாரும் தொடாமல் பீரோவில் வைத்தாலும் எலக்ட்ரான்கள் கசியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் யூ காய், ஓனுர் முட்லு முதலியோர் 2012-இல் வெளியிட்ட அளவீடுகளில், நினைவகப் பிழைகளில் பெரும்பங்கு இந்தக் கசிவால் வருவதாகவே தெரிந்தது. பத்து ஆண்டு தாங்கும் என்று உறையில் போடுகிறார்களே, பத்து ஆண்டு காத்திருந்தா பார்த்தார்கள்? இல்லை. சில்லை அடுப்பில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். வெப்பம் கூடக் கூடக் கசிவு எந்த விகிதத்தில் வேகமெடுக்கிறது என்பது வேதியியலில் நெடுநாளாகத் தெரிந்த கணக்கு. சூட்டில் சில நாள்களில் நடப்பதை வைத்து, சாதாரண வெப்பத்தில் எத்தனை ஆண்டு என்று கணித்துவிடுகிறார்கள். சில்லுத் தொழிலில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் மதிப்பை வைத்துப் பார்த்தால், 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போகும்போது கசிவு ஏறத்தாழ 4 மடங்கு. சித்திரை வெயிலில் தருமபுரி 40 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரிக்குப் போனால், அங்கே ஒரு நாள் கிடப்பது நிழலில் ஒன்றரை மாதம் கிடப்பதற்குச் சமம். பஸ்ஸிலும் டிராக்டரிலும் பாட்டுப் பென் டிரைவ்கள் சீக்கிரம் திக்க ஆரம்பிப்பதில் வியப்பில்லை. நன்றாகத் தேய்ந்ததில் கசிவு இன்னும் வேகம், புதியதில் வேகம் குறைவு.

ஆகவே கல்யாண வீடியோவை ஸ்டுடியோக்காரர் பென் டிரைவில் தந்தால், அதை வந்து சேர்ந்த வழி என்று கொள்ளலாமே தவிர, இருப்பிடம் என்று கொள்ளக் கூடாது. வருடத்துக்கொரு முறை செருகிப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். படித்துப் பார்ப்பதால் எலக்ட்ரான்கள் திரும்ப நிரம்பிவிடுமென்று நம்ப முடியாது. வேறிடத்தில் நகல் எடுத்து, மறுபடி புதிதாக எழுதினால்தான் தீவுகள் நிரம்பும்.

பிறக்கும்போதே பொய் சொல்லும் பென் டிரைவ்களும் சந்தையில் உண்டு. சில நூறு ரூபாய்க்கு 1 டிபி என்று வருபவை அந்த ரகம். கொள்ளளவு எவ்வளவு என்று கணினி கேட்பது கட்டுப்படுத்தியிடம்தான், நினைவகத்தை அது நேரில் எண்ணிப் பார்ப்பதில்லை. உள்ளே 32 ஜிபி இருக்க 1 டிபி என்று சொல்லும்படி நிரலை மாற்றிவிட்டால் கணினி நம்பிவிடும். 32 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் ஏற்றுவது ஒன்று காற்றில் போகும், அல்லது முதலில் ஏற்றியதன்மேல் விழும். பெயர்கள் எல்லாம் பட்டியலில் தெரியும், திறந்தால் ஓடாது. கண்டுபிடிக்க ஒரே நேர்மையான வழி, முழுக்க நிரப்பிவிட்டுத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது. எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள்கள் இதைத்தான் செய்கின்றன. விலை உயர்ந்த பென் டிரைவ் வாங்கிய அன்றே, எதையும் ஏற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டிய சோதனை இது.

மூன்று அடுக்கில் முதலாவது முற்றிலும் போய், உள்ளே இருப்பது கட்டாயம் வேண்டும் என்றால் தரவு மீட்பு ஆய்வுக்கூடம்தான் வழி. செருகி உடைந்திருந்தால் பற்றவைத்தே காப்பாற்றிவிடுவார்கள். கட்டுப்படுத்தி கருகியிருந்தால் நினைவகச் சில்லைச் சூடேற்றிக் கழற்றித் தனிக் கருவியில் படிப்பார்கள். அப்படிப் படித்தாலும் வருவது நேரடியான பாட்டல்ல. ஒரே மாதிரி பிட்டுகள் அடுத்தடுத்து விழுந்தால் அறைகள் ஒன்றையொன்று பாதிக்கும் என்பதால், எழுதும்போதே கட்டுப்படுத்தி எல்லாவற்றையும் கலைத்து எழுதியிருக்கும். அந்தக் கலைப்பு முறையைக் கண்டறிந்து, பிழை திருத்தி, இணைப்புக் கணக்கை மறுபடி கட்டி, கடைசியில்தான் சிட்டாவுக்கு வர முடியும். விரல் நகம் அளவே உள்ள பென் டிரைவ்களில் இரண்டு சில்லும் ஒரே கறுப்புப் பாளத்துக்குள் இருக்கும். அதன் அடிப்பூச்சைச் சுரண்டி, தெரியும் புள்ளிகளில் நூலினும் மெல்லிய கம்பிகளை உருப்பெருக்கியின் கீழ் பற்றவைக்க வேண்டும். அந்தக் கூலியில் பத்துப் பென் டிரைவ்களுக்கு மேல் வாங்கலாம்.

அங்கே எடுத்துப்போகிறவர்கள் கூடவே ஒரு தாளில் சில வரிகள் எழுதிக் கொடுப்பது நல்லது: முதலில் திரையில் என்ன வந்தது, பெயரும் கொள்ளளவும் என்ன காட்டின, அதற்குப் பிறகு யார் யார் எதை ஓட்டிப் பார்த்தார்கள், ஃபார்மேட் அடித்தார்களா, அடித்த பிறகு ஏதாவது ஏற்றினார்களா. எந்த அடுக்கிலிருந்து வேலையைத் தொடங்குவது என்பதை அந்த வரிகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.